ஆளுக்கு நூற்று எழுபத்தைந்து வெள்ளி

லோயாங்கில், விமானங்கள்
தலைக்கு மேல் சக்கரம் இறக்கும் இடத்தில்
மூன்று மாதமாகத் தரையில் நிற்கிறது படகு.
பதினேழடி. கண்ணாடியிழை.
ஒரு பக்கம் மட்டும் வெயில் தின்ற நீலம்.
பெயர், சும்மா.
"எங்கே போனீங்க ரெண்டு பேரும்?" என்று
என் தங்கை கேட்கும்போதெல்லாம்
நாங்கள் சொன்ன பதிலையே
மீந்துபோன சிவப்புப் பெயிண்டில்
பின்பக்கம் எழுதிவிட்டான் ஜெகா.

கோப்பிக் கடை ரசீதின் முதுகில் கணக்கு.
எஞ்சின், அறுபது குதிரை: ஆறாயிரத்து இருநூறு.
இழுவண்டி ஆயிரத்து ஐந்நூறு.
மீன் காட்டும் கருவி அறுநூற்று ஐம்பது
(மீன் இல்லாத இடங்களைத்தான் அதிகம் காட்டியது).
ரேடியோ நூற்று எண்பது.
நங்கூரம், சங்கிலியோடு, நூற்று இருபது.
இருக்கை இரண்டு, ஒன்று கிழிந்தது: நூறு.
மிச்சம் வெறும் கூடு.
அதை யாரும் வாங்க மாட்டார்கள்.
அறுத்து லாரியில் ஏற்றிப் போக
நாங்கள்தான் அழ வேண்டும்
ஆயிரத்து நானூறு.

முழுசாகக் கேட்டவர் யூசோஃப்.
பாசிர் ரிஸ்ஸிலிருந்து வந்து
தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி
படகைத் தட்டித் தட்டிக் கேட்டார்.
ஏழாயிரம் என்றார்.
இன்றைக்கே என்றார்.

கூட்டிக் கழித்தால் முந்நூற்றைம்பது வித்தியாசம்.
ஆளுக்கு நூற்று எழுபத்தைந்து வெள்ளி.
"இதுக்காகவா உடைக்கணும்?" என்றேன்.
ஜெகா கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தான்.
அது கோப்பி ஓ கோசோங்.
கலக்க அதில் ஒன்றுமே இல்லை.

போன வருஷம் குடும்ப நீதிமன்றத்தில்
சுகுணாவும் அவனும்
எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டார்கள்.
தெம்பனிஸ் வீடு, சேமிப்பு,
பையனுடைய வார இறுதிகள்.
பட்டியலில் படகு இல்லை, அது என் பெயரில்.
பட்டியலில் நானும் இல்லை.

"இன்னும் அவன்கூட உனக்கென்ன பேச்சு?" என்பாள்.
"படகு விஷயம்" என்பேன்.
அதற்கு மேல் கேட்க மாட்டாள்.
படகு விஷயமென்றால் கூப்பிடலாம்,
உரிமம் புதுப்பிக்கணும், பேட்டரி செத்துப்போச்சு என்று
இரவு பதினொரு மணிக்குக்கூட.
என் கைத்தொலைபேசியில் அவன் இன்னும் மச்சான்.
சட்டப்படி இப்போது என்ன முறை என்று தெரியவில்லை.
தேக்கா மீன்கடைக்காரர்கூடத்தான்
என்னை மச்சான் என்கிறார் என்று
மாற்றாமல் விட்டிருக்கிறேன்.

"பிரிச்சே வித்துடலாம்" என்றான் ஜெகா.
"ஏன்?"
"எஞ்சினுக்கு ஒரு ஆள் வரணும். வண்டிக்கு வேற ஆள்.
ரெண்டு பேரும் கூட இருந்தாத்தான் ஏமாத்த மாட்டாங்க.
சனிக்கிழமைதான் தோதுப்படும்."
விரல் மடக்கி எண்ணினான். ஆறு உருப்படி.
கூட்டை அறுக்கும் நாள் ஏழாவது.

ரசீதைத் திருப்பி இன்னொரு முறை படித்தேன்.
வெள்ளிக் கணக்கே இல்லை அது.

யூசோஃபிடம் மலாயில் மன்னிப்புக் கேட்டோம்.
அவர் படகை மறுபடி ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

முதல் சனி, ரேடியோ போயிற்று.
இரண்டாம் சனி மழை.
வருகிறேன் என்றவன் வரவில்லை.
தார்ப்பாய்க்குக் கீழே,
தரையில் நிற்கும் படகில்,
முன்னே பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்
ஊபினுக்குப் போகிறவர்கள் போல.
சுகுணாவைப் பற்றி அவன் கேட்கவில்லை.
நான் சொல்லவும் இல்லை.
கடலை ஒரு பொட்டலம் தீர்ந்தது.
மூன்றாம் சனி, நங்கூரம்.

நேற்று அவன் போட்ட விளம்பரத்தைப் பார்த்தேன்.
இருக்கை இரண்டு, ஒன்று கிழிந்தது,
சேர்த்துத்தான் தருவோம்:
ஈராயிரம் வெள்ளி.
கீழே, பேரம் கிடையாது என்றும் போட்டிருக்கிறான்.